2005 காப்புரிமைச் சட்டத் திருத்தம்: நம் ஆய்வுக்கூடங்களில் உண்மையில் என்ன மாறியது?

ஆலத்தூர் கெமிஸ்ட்:

எல்லோருக்கும் வணக்கம். 1998இல் மூலமருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஜூனியர் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அதன்பிறகு கம்பெனி இரண்டு முறை மாறிவிட்டது, வேலை மாறவில்லை. இன்றும் பிராசஸ் டெவலப்மென்ட்தான். போன வாரம் லேபுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் டீ குடிக்கும்போது, "2005க்கு முன்னால் நாம் சும்மா காப்பிதானே சார் அடித்துக்கொண்டிருந்தோம்?" என்று கேட்டான். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

1970 சட்டப்படி மருந்துக்கும் உணவுக்கும் பொருள் காப்புரிமை கிடையாது. செய்முறைக்கு மட்டும்தான் உண்டு. அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து 7 வருடம் அல்லது காப்புரிமை தந்து முத்திரை விழுந்த நாளிலிருந்து 5 வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை போட்டவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார். அவருடைய 1959 அறிக்கையைத் தேடிப் படியுங்கள். வெளிநாட்டார் இங்கே காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு, பொருளை இங்கே தயாரிக்காமலே கதவை அடைத்து வைத்திருந்ததை வரிவரியாகக் காட்டியிருப்பார்.

அந்தச் சட்டத்தில் எங்களுக்கு இருந்த வேலை என்ன? மூலக்கூறு தெரியும். அதன் சொந்தக்காரர் காப்புரிமை வாங்கிய வழியில் போகக் கூடாது. வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும், அது மலிவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் 85 சதவீதம் கிடைத்தாலும் ஆறு படி தாண்டும்போது கையில் மிஞ்சுவது 38 சதவீதம்தான். அதையே நாலு படியாகச் சுருக்கினால் 52. அந்த 14 சதவீதத்துக்காக ராத்திரி ஷிப்டில் ரியாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். இதைக் காப்பி என்று சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

2001இல் சிப்லா மூன்று எச்ஐவி மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 350 டாலர் என்று அறிவித்தது. அதே சிகிச்சைக்கு அப்போது மேலைநாடுகளில் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். அந்த மூன்று மருந்துகளும் மூன்று வேறு வேறு கம்பெனிகளுடையவை. பொருள் காப்புரிமை இருந்த நாட்டில் மூவரிடமும் அனுமதி வாங்காமல் ஒரு மாத்திரையாக்க முடியாது. இங்கே முடிந்தது. ஒரு சட்டம் ஒரு தயாரிப்பைப் பிறப்பிக்கும் என்பதற்கு என் கண்ணெதிரே நடந்த உதாரணம் அது.

மருந்துக்கும் பொருள் காப்புரிமை வந்த 2005 ஜனவரி 1க்குப் பிறகு நிலைமை வேறு. புது ப்ராஜெக்ட் என்றால் போர்டில் முதலில் ஒரு தேதியை எழுதுகிறோம்: காப்புரிமை முடியும் நாள். சர்க்கரை நோய்க்கும் எடை குறைப்புக்கும் தரும் செமாக்ளுடைடுக்கு 2026 மார்ச் என்று வட்டம் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நாட்டில் பல கம்பெனிகள் வேலையைத் திட்டமிட்டன. "இதை எப்படிச் செய்யலாம்" என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் "இது யாருடையது, எதுவரைக்கும்" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது.

மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மருந்துத் துறைக்கு வெளியே இருப்பவர்களும்தான்.

கிண்டி ஏஜென்ட்:

நல்ல தொடக்கம் சார். நான் பேட்டன்ட் ஏஜென்ட், கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பழகியவள். சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் நிரப்புகிறேன்.

2005இல் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1995இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோதே பத்து வருட அவகாசம் கிடைத்தது. அதற்குள் மருந்துக்கான விண்ணப்பங்களை வாங்கிப் பிரிக்காமல் போட்டுவைக்க ஒரு பெட்டி ஏற்பாடு, மெயில்பாக்ஸ் என்பார்கள். 1999 திருத்தம், 2002 திருத்தம் (20 வருட ஆயுள் இதில்தான் வந்தது), கடைசியாக 2005. அந்தப் பெட்டியைத் திறந்தபோது என்ன ஆகுமோ என்று எல்லோருக்கும் பயம். ஏற்கெனவே முதலீடு போட்டு மருந்தைத் தயாரித்து விற்றுக்கொண்டிருந்த கம்பெனிகள் திடீரென்று குற்றவாளியாகிவிடும் அல்லவா? அதனால் 11ஏ(7) என்று ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். 2005க்கு முன்பே கணிசமாக முதலீடு செய்து தயாரித்துக்கொண்டிருந்தால் நியாயமான ராயல்டி கொடுத்துத் தொடரலாம்.

இன்னொன்று 107ஏ. காப்புரிமை உயிரோடு இருக்கும்போதே, அரசு ஒப்புதல் வாங்குவதற்குத் தேவையான ஆய்வையும் மாதிரித் தயாரிப்பையும் செய்துகொள்ளலாம். ஆலத்தூர் சார் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண முடிகிறது என்றால் அதற்கு இந்தப் பிரிவுதான் காரணம். இது இல்லாவிட்டால் காப்புரிமை முடிந்த மறுநாள்தான் முதல் குடுவையையே கழுவ ஆரம்பிக்க முடியும்.

அப்புறம் 3(டி). தெரிந்த ஒரு பொருளின் புது வடிவம், உப்பு, படிகம் இவற்றுக்குக் குணப்படுத்தும் ஆற்றல் கூடினால் ஒழியக் காப்புரிமை கிடையாது. நோவார்டிஸ் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் வழக்கு, உச்ச நீதிமன்றம் போகும்வரை சென்னையில்தான் ஓடியது. 1998இல் விண்ணப்பம், 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் நிராகரிப்பு, 2007இல் "இந்தப் பிரிவு செல்லும்" என்று சென்னை உயர் நீதிமன்றம், 2009இல் மேல்முறையீட்டு வாரியம், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம். உடம்பில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்பதை மட்டும் வைத்துக் குணம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது என்றது தீர்ப்பு.

ராகவி_பயோ:

இரண்டு பேர் எழுதியதையும் மதிக்கிறேன். ஆனால் 3(டி) விஷயத்தில் எனக்கு முழுக்க உடன்பாடு இல்லை.

நான் சின்ன ஸ்டார்ட்அப்பில் இருக்கிறேன், மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் முறைகளில் வேலை. நம் கம்பெனிகள் புத்தம்புது மூலக்கூறு கண்டுபிடிப்பதில் இன்னும் குழந்தைதான். அவை கெட்டிக்காரத்தனம் காட்டியது சின்னச் சின்ன மேம்பாடுகளில். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒரு நாளைக்கு ஒருமுறை போட்டால் போதும் என்கிற வடிவத்தை ரான்பாக்சி உருவாக்கியது. அந்த மூலக்கூறு ஜெர்மனியின் பேயர் கம்பெனியுடையது, அந்த பேயரே 1999இல் ரான்பாக்சியிடமிருந்து உரிமம் வாங்கியது! படிப்படியான மேம்பாட்டுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? வெயிலில் கெட்டுப்போகாத ஒரு உப்பை நான் கண்டுபிடிக்கிறேன் என்று வையுங்கள். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் குளிர்பெட்டி இல்லாமலே மருந்தை வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு எவ்வளவு பெரிய உதவி. ஆனால் "குணம் கூடியதா?" என்று கேட்டால் இல்லை. காப்புரிமையும் இல்லை. முதலீட்டாளரிடம் போய் நான் என்ன சொல்வது?

மதுரை மீனா:

எனக்குச் சட்டமும் தெரியாது, வேதியியலும் தெரியாது. என் அப்பாவுக்கு 2007இல் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள், சிஎம்எல். இமாடினிப் மாத்திரை (கிளிவெக்கில் இருக்கும் அதே மருந்து), வாழ்நாள் முழுக்க, தினமும் ஒன்று. அசல் பிராண்ட் மாதம் 1,20,000 ரூபாய் என்று டாக்டர் சொன்னபோது அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாக்கியத்தில், "ஆனால் இங்கேயே தயாரிப்பது எட்டு, பத்தாயிரத்துக்குள் கிடைக்கும்" என்றார். அதுவே எங்களுக்குப் பெரிய தொகைதான். ஆனாலும் வாங்க முடிந்தது.

அப்பா 2019 வரை இருந்தார். என் கல்யாணத்தைப் பார்த்தார், பேரனைத் தூக்கினார். நீங்கள் சொல்லும் அந்த 3(டி) என்ற இரண்டெழுத்துதான் காரணம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. ராகவி, உங்கள் கஷ்டமும் புரிகிறது. ஆனால் எதை எடுத்து எதை வைப்பீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

கிண்டி ஏஜென்ட்:

மீனா மேடம், எழுதியதற்கு நன்றி. ஒரு விவரத்தையும் சேர்க்க வேண்டும்: நோவார்டிஸ் இந்தியாவில் ஏராளமான நோயாளிகளுக்கு கிளிவெக்கை இலவசமாகவும் கொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் கையில் இருக்கிறது. சட்டப்படி மலிவாகக் கிடைப்பது அப்படி யார் தயவிலும் இல்லை.

ஆலத்தூர் கெமிஸ்ட்:

மீனாம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேலையை நிறுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் லேபில் கிலோ கணக்கில் பேசுவோம். அது யார் வீட்டு அலமாரிக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை.

ராகவி, உங்கள் கேள்விக்கு என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மூலக்கூறு பல விதமாகப் படிகமாகும். கல்கண்டும் சீனியும் மாதிரி என்று சொல்வார்கள், ஆனால் அது சரியில்லை. அவை இரண்டும் உள்ளே ஒரே அடுக்குதான், அளவுதான் வேறு. இங்கே மூலக்கூறுகள் அடுக்கப்படும் முறையே மாறும். எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி இயந்திரத்தில் பொடியை வைத்தால் ஒவ்வொரு வடிவத்துக்கும் முகடுகள் வேறு வேறு கோணத்தில் வரும். அதுதான் கைரேகை. அமெரிக்காவில் மூலக்கூறின் காப்புரிமை முடிந்த பிறகும், ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு வாங்கிய காப்புரிமை பல வருடம் நீளும். நாங்கள் அங்கே விற்க வேண்டுமானால் அந்த வடிவத்தைத் தொடாமல் வேறு வடிவத்தில் செய்ய வேண்டும்.

ஒரு மருந்துக்கு அப்படி ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தோம். பதினொரு மாத வேலை. எந்தக் கரைப்பானில், எந்த வேகத்தில் குளிரவைத்தால் அது மட்டும் விழும் என்று பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாத்திரையாக்கி, 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில், மருந்து எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கும் ஸ்டெபிலிட்டி அறையில் வைத்தோம். முதல் மாதம் சுத்தம். இரண்டாம் மாதம் சுத்தம். மூன்றாம் மாதம் மாதிரியை எடுத்து ஓட்டினேன். நம் முகடுகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், இருக்கவே கூடாத கோணத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி சின்னதாக ஒரு மேடு. இயந்திரக் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே மேடு. எங்கள் மாத்திரை மெல்ல மெல்ல அடுத்தவர் காப்புரிமை வாங்கிய வடிவமாக மாறிக்கொண்டிருந்தது.

மருந்து கெட்டுப்போகவில்லை. குணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அமெரிக்காவுக்கு அந்த ப்ராஜெக்ட் அன்றோடு முடிந்தது. மீட்டிங்கில் வேதியியல் பற்றி யாரும் பேசவில்லை, வக்கீல்தான் பேசினார். அதே மாத்திரையை இந்தியாவில் விற்க எந்தத் தடையும் இல்லை. ஏனென்றால் 3(டி) இருப்பதால் அந்தப் படிகத்துக்கு இங்கே காப்புரிமையே தரப்படவில்லை.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பதினொரு மாதத்தில் நாங்கள் புதிதாக ஒரு நோயையும் குணமாக்கப் பார்க்கவில்லை. ஒரு வேலியைச் சுற்றி நடந்தோம். அப்படிப்பட்ட வேலிகளை நம் நாட்டில் போடவிடாத சட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெடாகுலின் விஷயத்தையும் பாருங்கள். காசநோய்க்கான அந்த மருந்தின் உப்பு வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2023 மார்ச்சில் இங்கே நிராகரித்தார்கள். எதிர்த்து மனு போட்டவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்களும் உண்டு.

ஆனால் உங்கள் வெயில் தாங்கும் உப்பு வேறு விஷயம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஏதாவது வழி இருக்க வேண்டும். முழு 20 வருடம் தேவையா என்பதைப் பேசலாம்.

ஓசூர் பாலு:

மருந்துக்கு வெளியே இருந்து ஒரு குரல். நான் என்ஜின் டிசைனில் இருக்கிறேன்.

எங்கள் துறையில் சட்டத்தின் எழுத்து பெரிதாக மாறவில்லை, நீதிமன்றம் அதைக் கையாண்ட விதம்தான் எல்லோரையும் விழிக்கவைத்தது. 2007இல் டிவிஎஸ் ஃபிளேம் என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வால்வு. சின்ன என்ஜினில் இரட்டை பிளக் எங்கள் காப்புரிமை என்று பஜாஜ் வழக்குக்குப் போனது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. டிவிஎஸ் என்ன செய்தது தெரியுமா? வண்டியை ஒற்றை பிளக் ஆக்கி விற்பனைக்கு விட்டது.

படிக்கிறவர்களுக்கு அது ஒரு வரி. ஒரு பிளக்கை எடுத்தால் தீப்பொறி ஒரு மூலையிலிருந்துதான் பரவும். எரியும் நேரம் கூடும், இக்னிஷன் டைமிங்கை மறுபடி அமைக்க வேண்டும், புகைச் சோதனை, மைலேஜ் சோதனை எல்லாம் மறுபடி. 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு அந்தத் தடையை நீக்கியது. ஆனால் போன சீசன் போனதுதான். வழக்கு அதோடும் முடியவில்லை. அதே 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளைத் தினமும் விசாரித்து நாலு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னது. இரண்டு கம்பெனியும் சமரசமானது 2019இல்.

அதன் விளைவு எங்கள் ஆபீசிலும் தெரிந்தது. முன்பெல்லாம் டிசைன் முடிந்து டை (பாகங்களை வார்க்கும் அச்சு) வெட்டப் போகும்போதுதான் "பேட்டன்ட் ஏதாவது இருக்கா பாருப்பா" என்பார்கள். இப்போது கான்செப்ட் படம் வரையும்போதே தேடல் அறிக்கை வேண்டும். டை வெட்டிய பிறகு மாற்றுவது என்றால் லட்சக்கணக்கில் போய்விடும். வேலை மெதுவாகிறது என்று சின்னப் பசங்களுக்குச் சலிப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவர்கள் எழுதிய காப்புரிமைகளைப் படித்துப் படித்தே நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

சோழிங்கநல்லூர் கோடர்:

சாஃப்ட்வேருக்கு 2005இல் ஏதாவது மாறியதா?

கிண்டி ஏஜென்ட்:

மாறப்போய்த் திரும்பிவிட்டது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டத்தில், தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு இருந்தால் நிரலுக்கும் தரலாம் என்று ஒரு வாசல் திறந்தார்கள். நாடாளுமன்றம் 2005இல் சட்டமாக்கியபோது அதை எடுத்துவிட்டது. கணினி நிரலுக்குத் தன்னளவில் காப்புரிமை கிடையாது என்கிற பழைய 3(கே) அப்படியே நிற்கிறது. அதில் உள்ள "தன்னளவில்" (per se) என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றுதான் இன்றும் அடித்துக்கொள்கிறோம். அதற்குத் தனி இழையே வேண்டும்.

ராகவி_பயோ:

ஆலத்தூர் சார், அந்த மூன்றாம் மாத மேட்டைப் பற்றி என் டீமுக்கு வாசித்துக் காட்டினேன். சில இடங்களில் என் எண்ணம் மாறியிருக்கிறது.

என் பங்குக்கு ஒன்று. என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு நம் சென்னையில் ஆர்க்கிட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் சுரக்கும் நொதியை அடக்கி, செஃபிபைம் என்ற பழைய மருந்தை மறுபடி வேலை செய்யவைக்கும். புது மூலக்கூறு, அதனால் 3(டி) குறுக்கே வரவில்லை. ஆனால் 2013இல் அதை ஐரோப்பாவில் அலெக்ரா என்ற கம்பெனிக்கு உரிமம் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் கட்டச் சோதனைகளை அவர்கள் நடத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல். இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு அங்கே ஒப்புதல் பெற்ற முதல் புது மூலக்கூறு இதுதான். அதற்குள் ஆர்க்கிட் திவால் நடவடிக்கைக்குப் போய்க் கைமாறியே விட்டது.

அங்கே காப்புரிமை இருந்தது, கண்டுபிடிப்பு இருந்தது. கடைசி வரை கொண்டுபோகப் பணம்தான் இல்லை. கம்பெனிகள் தங்களுக்குள்ளேயே செய்யும் ஆய்வுச் செலவுக்கு இருந்த 200 சதவீத வரிக் கழிவு 2017இல் 150 ஆனது, 2020இல் வெறும் 100 ஆனது. எந்தப் பிரிவைத் திருத்தலாம் என்று வருடக்கணக்காக விவாதித்த நாங்கள் இதைப் பற்றி அந்த அளவுக்குச் சத்தம் போடவில்லை. அது எங்கள் தப்புதான். அதற்காக வெயில் தாங்கும் உப்பை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்!

ஆலத்தூர் கெமிஸ்ட்:

விடாதீர்கள் ராகவி. விடவே கூடாது. ஆர்க்கிட் கதையை நான் எழுத நினைத்திருந்தேன், நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த வேலையில் இருந்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வயிறு எரியவும் செய்கிறது.

எம்ஃபார்ம் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். தாமதமாக வருகிறேன். கிண்டி மேடத்திடம் ஒரு சந்தேகம். எங்கள் ப்ராஜெக்டில் ஒரு புது ஜெல் செய்திருக்கிறோம். எலிகளில் புண் ஆறும் வேகம், கடையில் கிடைக்கும் மருந்தைவிட நன்றாக இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைக்கப் போகிறோம். அதன்பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

கிண்டி ஏஜென்ட்:

வேண்டாம்மா! முதலில் விண்ணப்பம், அப்புறம் போஸ்டர். போஸ்டரை ஒட்டிவிட்டால் அது ஊருக்குத் தெரிந்த விஷயம். சட்டத்தில் 12 மாதச் சலுகை இருக்கிறது, ஆனால் சில குறிப்பிட்ட சூழ்நிலைகளுக்குத்தான். அதை நம்பி இறங்காதீர்கள். கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரணம் ஒன்றை இப்போதே போடலாம், முழு விவரணத்துக்கு அதன்பிறகு 12 மாதம் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு 2021இலிருந்து கட்டணத்தில் 80 சதவீதம் குறைவு. ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 8,000க்குப் பதிலாக 1,600. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்க 48 மாதம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2024 மார்ச்சிலிருந்து அது 31 மாதம்தான்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறீர்களா?

எம்ஃபார்ம் மாணவி:

தேதி இருக்கிறது மேடம், கையெழுத்து பாதிப் பக்கங்களில்தான். இன்று கைடிடம் பேசினேன். போஸ்டரை நிறுத்திவைக்கச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை உட்கார்ந்து விவரணம் எழுதப் போகிறோம். எலிகளின் புண் அளவுகள் நாள்வாரியாக இருக்கின்றன, அதையும் சேர்க்க வேண்டுமா?

கிண்டி ஏஜென்ட்:

கட்டாயம் சேருங்கள். ஒரு நாளையும் விடாதீர்கள்.